பெல்ட் கழன்றது யாரால்

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் புல் வெட்டும் வண்டியை ஓட்டுபவள் ஜூலியட். ஒரு பெண் அதில் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறாளே என்று கொடைக்கானலுக்கு வரும் டூரிஸ்ட்டுகள் வேலிக்கு வெளியே நின்று போட்டோ எடுப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. இருபது வருட மெக்கானிக் நான். என்னை யாரும் போட்டோ எடுத்ததில்லை.

மழைக்காலம் முடிந்ததும் வண்டியை முழுசாகக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினேன். மறுநாளே பிளேடைச் சுற்றவைக்கும் பெல்ட் கழன்றது. மாட்டினேன். திரும்பவும் கழன்றது. புது பெல்ட் பத்து நிமிஷம் தாங்கவில்லை. ஸ்பிரிங்கை மாற்றினேன், பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தில் அப்பியிருந்த புல்லைச் சுரண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"திருப்புறப்ப கழண்டு போகலைண்ணே. பிளேடை நிறுத்துறப்பத்தான் போகுது," என்றாள் ஜூலியட்.

"நீ ஓட்டுற சோலியப் பாரும்மா. ரிப்பேரை நான் பாத்துக்கிறேன்."

நாலாவது தடவை கழன்றபோது மைதானப் பொறுப்பாளர் மனுவேல் சார் வந்துவிட்டார். டீ நேரம். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

"என்னப்பா செல்வின், என்னதான் கோளாறு?"

தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வண்டியில ஒண்ணுமில்ல சார். சரிவுல வெடுக்கு வெடுக்குனு திருப்புறா. ஓட்டத் தெரியாதவங்க கையில கொடுத்தா இப்பிடித்தான்," என்றேன்.

யாரோ சிரித்தார்கள். ஜூலியட் சாவியை என் கையில் கொடுத்தாள். அடுத்த நாளிலிருந்து அவளுக்குத் தைலமரச் சருகு கூட்டுகிற வேலை.

சனிக்கிழமை வெள்ளனே நானே வண்டியை எடுத்தேன். சமதரை. ஒரு திருப்பம்கூட இல்லை. பிளேடை நிறுத்தினேன். பெல்ட் கழன்று தொங்கியது, அவள் சொன்னபடியே.

ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்து, அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். புல்லிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது. பிளேடை நிறுத்தியதும் பெல்ட் தளரும்போது அது விலகாமல் தடுக்க அங்கே விரல் நீளத்தில் ஒரு கம்பி இருக்க வேண்டும். கழற்றியவன் நான். மாட்ட மறந்தவனும் நான்.

கம்பியைத் தேட வேண்டியிருக்கவில்லை. வண்டியைக் கழற்றிப் பூட்டிய அன்று சாயங்காலம், "அண்ணே, இது ஷெட்டுல கீழ கெடந்துச்சு," என்று ஜூலியட் அதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். என்ன ஏது என்று பார்க்காமல் பழைய போல்ட் டப்பாவில் போட்டது நான்தான். டப்பாவைத் திறந்தால் மேலாகவே கிடந்தது.

சத்தமில்லாமல் மாட்டிவிட்டு நல்ல பேரும் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வந்தது. வராமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் இரண்டு வரிசை முன்னால் அவள் தலை தெரிந்தது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை டீ நேரத்தில் அதே ஆட்களுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். சாவியை அவளிடம் நீட்டினேன்.

"கம்பிய மாட்டிட்டேம்மா. இனிமே கழண்டு போகாது. தைரியமா ஓட்டு."

ஜூலியட் சாவியை வாங்கிக்கொண்டாள். ஆனால் வண்டியில் ஏறவில்லை. ஈரப் புல்லில் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தை அடியில் அடித்து, கையை விட்டுக் கம்பியை ஆட்டிப் பார்த்தாள்.

"இருக்குண்ணே," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.