ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள்

முகப்பேரில் மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றின் சின்னப் படுக்கையறையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ரயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு சென்டிமீட்டர் உயரம். வருடம் 1942, மாதம் ஏப்ரல். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நேரம். இடம் ஆவடி ஸ்டேஷன். அன்றைக்கு அந்த ஸ்டேஷன் எப்படி இருந்தது என்று பாண்டியனுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி பேசுவான். சாஃப்ட்வேர் கம்பெனியில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவனுக்கு அதுகூடவா வராது?

எட்டடிப் பலகைமேல் ஸ்டேஷன் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, கறுப்புத் துணி சுற்றிய விளக்குக் கம்பங்கள், ஜன்னலுக்கு முன்னால் மணல் மூட்டைகள், இதெல்லாம் பாண்டியன் செய்தவை. மணல் மூட்டையை முதலில் மைதா மாவில்தான் செய்தான். ஒரே வாரத்தில் கரப்பான்பூச்சி வந்து பாதுகாப்பு அரணையே தின்றுவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் குழாய் ஒழுகலை அடைக்கிற எம்-சீல் பசையை வாங்கினான். ஜனங்களைச் செய்தது மட்டும் அவன் இல்லை. அவன் மனைவி தேவிப்பிரியா.

அவள் ரவிக்கைக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறவள். முதலில் பாண்டியன் வெளிநாட்டிலிருந்து நாற்பது பொம்மைகள் வரவழைத்தான். எல்லாம் கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குப் பழுப்புச் சாயம் அடித்து வேட்டி வரைந்து பார்த்தான். மாறுவேடப் போட்டிக்கு வந்த கூட்டம் போல நின்றார்கள். தேவிப்பிரியா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பழைய சார்ஜர் வயரை உரித்து, செம்புக் கம்பியை முறுக்கி, மேலே எம்-சீல் பூசி, டிஷ்யூ பேப்பரை ஃபெவிகாலில் நனைத்துப் புடவை கட்டி, தலையில் மூட்டையோடு ஒருத்தியைச் செய்து பிளாட்பாரத்தில் நிறுத்தினாள். விளையாட்டாகத்தான் செய்தாள். பாண்டியன் முட்டி போட்டு அவளை நாலு பக்கமும் பார்த்தான். பிறகு, இன்னும் இருநூறு வேணும் என்றான்.

செய்ய வேண்டியதுதானே, புருஷன் கேட்கிறான். செய்தாள். ரவிக்கை கொடுக்க வந்த பெண்களிடம் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லி, கடைசியில் அவர்கள் வருவதே நின்றுபோனது. கழுத்து பிடித்துக்கொண்டது. வலது கண்ணில் எப்போதும் ஒரு எரிச்சல். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அடுத்து வரப்போகிற மாடல் கண்காட்சிப் போட்டியில் இதோடு வைக்கிற பெயர் அட்டையில் தன் பெயரும் இருக்க வேண்டும். பெரிதாகக்கூட வேண்டாம், கீழே சின்னதாகப் போட்டால் போதும்.

“இதென்ன கேட்கணுமா? உன் பேர் இல்லாம எப்படி?” என்றான் பாண்டியன்.

அந்த வாயால்தான் அவன் மற்றதையும் சொன்னான். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் கை கழுவி, அன்றைக்கு அவள் செய்ததைச் சின்ன இடுக்கியால் தூக்கி ஸ்கேலோடு வைத்துப் பார்ப்பான். சத்தம் போட மாட்டான், திட்ட மாட்டான். கால் மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் மெதுவாக, “கால் ஜாஸ்தி,” என்பான். இடுக்கியை விரிப்பான். மேஜைக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் அந்த ஆள் விழும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் நிஜத்தில் எட்டரை சென்டிமீட்டர் என்று கணக்கு வேறு சொல்வான். ஒரு நாள் முழுக்கக் குனிந்து செய்த வேலை அது. ஒருமுறை புடவை நிறங்கள் ரொம்பப் பளிச்சென்று இருப்பதாகச் சொல்லி முப்பத்தாறு பேரை ஒரே சாயங்காலம் தொட்டியில் போட்டான். போர்க்காலத்தில் ஜனங்கள் இவ்வளவு சந்தோஷமாக இருக்க மாட்டார்கள் என்றான். அன்றைக்கு அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள் காலையில் மறுபடியும் கம்பி முறுக்கினாள். பெயர் வருமே!

எல்லோரையும்விட அவளுக்குப் பிடித்தது தகரப்பெட்டிமேல் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கிற ஒருத்தி. மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற கவலை இல்லாமல், குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் குனிந்த கழுத்து சரியாக வருவதற்கு ஒன்பது நாள் ஆனது. அவளைப் பாண்டியன்கூட இரண்டாவது தடவை அளந்து பார்க்கவில்லை.

இதற்கிடையில் நடந்த ஒன்று தேவிப்பிரியாவுக்குத் தெரியாது. பாண்டியன் ஒரு வாட்ஸப் குழுவில் இருந்தான். மாடல் ரயில் செய்கிற ஆண்பிள்ளைகள் முப்பது பேர். முதல்முறை பிளாட்பாரத்துக் கூட்டத்தைப் படமெடுத்துப் போட்டபோது, அம்பத்தூர் ஜெகதீஷ் வாய்ஸ் மெசேஜில் ஒரு பதில் அனுப்பினான்.

“இன்னா மச்சான், ஊட்ல கொலு வெச்சுக்கினு கீறியா? சுண்டல் எப்போ?”

முப்பது பேரும் சிரித்தார்கள். பாண்டியனுக்குக் காது சிவந்துவிட்டது. இரண்டு வருட உழைப்பைக் கொலு என்கிறானே! பெண்டாட்டி கைவேலை என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். எனவே டைப் செய்தான்: எல்லாம் ஜெர்மனியிலிருந்து வரவழைத்தது, ஸ்பெஷல் ஆர்டர். அவ்வளவுதான், குழுவே வாயைப் பிளந்தது. ஜெகதீஷ் கையெடுத்துக் கும்பிடுகிற படம் போட்டான். பொய்க்குக் கிடைத்த அந்தக் கும்பிடு பாண்டியனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

கண்காட்சி வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் ஹாலில். ஞாயிற்றுக்கிழமை காலை, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஸ்டேஷனை ஏற்றி, நெடுஞ்சாலைப் பள்ளங்களில் அது குலுங்காமல் இருக்க தேவிப்பிரியா பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். மேஜையில் இறக்கி வைத்து, சாய்ந்திருந்த ஒரு கூலிக்காரரை நிமிர்த்திவிட்டு, அட்டையைப் பார்த்தாள்.

ஆவடி, ஏப்ரல் 1942. உருவாக்கம்: பாண்டியன். உருவங்கள்: ஜெர்மனி. துளையிடும் கருவி தந்து உதவியவர்: ஜெகதீஷ்.

துளைபோடுகிற மிஷின் இரவல் கொடுத்தவனுக்குப் பெயர் இருக்கிறது! இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிப்பதற்குள் எழுத்து கலங்கிவிட்டது. என்னங்க இது என்று கேட்டாள். பாண்டியன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இங்கே ஒரு மரியாதை இருக்கு, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், சிரிச்ச முகமா நில்லு என்று சொல்லிவிட்டு, ஜெகதீஷைப் பார்த்துக் கையாட்டினான். அவள் சிரிக்கவில்லை, ஆனால் நின்றாள்.

நடுவராக வந்தவர் ஆக்னஸ் என்கிற அம்மாள். ரயில்வேயில் முப்பது வருடம் மாடல் செய்கிற பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். பூதக்கண்ணாடியோடு மேஜை மேஜையாக வந்தார். பாண்டியன் ஸ்டேஷனைப் பார்த்து, கட்டடம் பரவாயில்லை, தண்ணீர்த் தொட்டி சுமார் என்றார். பிறகு பிளாட்பாரத்தின் மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை. பத்து நிமிஷம் ஆனது. ஹாலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள்.

நிமிர்ந்தபோது அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது. தகரப்பெட்டிக்காரியைக் காட்டி, இப்படி ஒரு வேலையை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். இவ்வளவும் கையால் செய்ததாக இருந்தால் முதல் பரிசு இதற்குத்தான், வேறு பேச்சே இல்லை, ஆனால் வாங்கி ஒட்டியதற்கு விதிப்படி மார்க் கிடையாது, மிச்சம் இருப்பதை வைத்துப் பார்த்தால் மூன்றாவது பரிசுகூடத் தேறாது என்று வருத்தத்தோடு சொன்னார்.

பாண்டியன் முகத்தில் ரத்தம் இல்லை. பிறகு, இத்தனை நாளாக வராத வார்த்தை அவனுக்கு ஒரே நொடியில் வந்தது. ஜெர்மனி இல்லை மேடம், எல்லாம் வீட்டிலேயே செய்தது, என் வைஃப்தான் செய்தாள் என்றான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பரிசு கைவிட்டுப் போனதும் பெண்டாட்டி ஞாபகம் வந்துவிட்டதே என்று ஜெகதீஷே சொன்னான்.

ஆக்னஸ் அம்மாள் சிரிக்கவில்லை. தேவிப்பிரியாவின் கையைப் பார்த்தார். நகக்கண்களில் பெயின்ட் இருந்தது. பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

“நீதானேம்மா செஞ்சே? உன் பேரைச் சொல்லு. நானே என் கையால எழுதி வெக்கிறேன்.”

தேவிப்பிரியா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. அதுவும் ஹால் நிறைய ஆள் பார்க்க. அவன்மேல் இருந்த கோபம்கூட அந்த நிமிஷம் ஆறிப்போனது. வாயைத் திறந்தாள்.

ஆனால் பாண்டியனுக்கு அதுவரைக்கும் பொறுக்கவில்லை. அவள் சொல்வதை யாராவது நம்பாமல் போய்விடுவார்களோ என்று அவனுக்குப் பயம். ஆதாரம் வேண்டும் அல்லவா? இடுக்கியை எடுத்தான். எது கைக்குக் கிட்ட இருந்ததோ அதைப் பிடுங்கினான். தகரப்பெட்டிக்காரி. இரண்டு கட்டை விரலையும் வைத்து, அந்தக் குனிந்த கழுத்தில் சடக்கென்று ஒடித்தான்.

“பாருங்க மேடம், உள்ளே செம்புக் கம்பி. ஜெர்மன் பொம்மைன்னா பிளாஸ்டிக்கா இருக்கும்.”

உள்ளங்கையை நீட்டினான். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். குழந்தை எங்கேயோ தெறித்து விழுந்திருந்தது. அவன் அதைத் தேடவில்லை.

தேவிப்பிரியா அந்தக் கையைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். பேனா காத்துக்கொண்டிருந்தது.

“இல்ல மேடம். நான் செய்யல. ஜெர்மனியில இருந்து வந்ததுதான்.”

“கம்பி இருக்கேம்மா,” என்றார் ஆக்னஸ் அம்மாள் மெதுவாக.

“அந்த ஊர்ல அப்படித்தான் செய்வாங்க போல. எனக்குத் தெரியாது மேடம். எனக்குச் சமைக்கத்தான் தெரியும்.”

அந்த அம்மாள் ஒடிந்த கம்பியையும் அவள் நகக்கண்களையும் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் உரிமை கொண்டாட ஆள் இல்லாத வேலைக்கு மார்க் போட விதியில் இடம் இல்லை. அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். முதல் பரிசு வெள்ளானூர்க்காரர் ஒருவர் செய்த பம்ப்செட் மாடலுக்குப் போனது. வாட்ஸப் குழு மத்தியானத்துக்குள் பாண்டியனுக்கு ஜெர்மன்காரன் என்று பெயர் வைத்தது.

திரும்பும்போது அவன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டபோது பின்னால் இருந்த அவள் பலகையைப் பிடிக்கவில்லை. இறக்கி வைத்த டிரைவர்தான், “இன்னாமா, ஜனங்கல்லாம் சாஞ்சுகினு கீது,” என்று வருத்தப்பட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பாண்டியன் கத்தினான். முதல் தடவையாகக் கத்தினான். ஒரு பேருக்காக இப்படிக் கழுத்தறுத்துவிட்டாயே என்றான். அவள் கை கழுவிவிட்டு வந்து, அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் தொட்டியை மேஜைக்குக் கீழிருந்து காலால் இழுத்தாள். இடுக்கியை எடுத்தாள்.

முதலில் தலையில் மூட்டையோடு நின்றவளைத் தூக்கினாள். சிரித்துக்கொண்டு செய்தாளே, அந்த முதல் ஆள். ஸ்கேலோடு வைத்துப் பார்த்தாள்.

“கால் ஜாஸ்தி,” என்றாள்.

தொட்டியில் போட்டாள். அடுத்தது கூலிக்காரர். அடுத்தது சிப்பாய். பசை இறுகியிருந்ததால் சிலர் வர மறுத்தார்கள். இழுத்தபோது உடம்பு மட்டும் வந்தது, பாதம் பிளாட்பாரத்திலேயே நின்றது. ஒவ்வொருவரையும் அளந்து, ஒவ்வொருவருக்கும் அதே வார்த்தையைச் சொன்னாள். அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. நிறுத்தவில்லை. ஐம்பது பேர் தாண்டியதும் பாண்டியனுக்குக் கத்தல் நின்றது. நூறு தாண்டியதும் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். நாளைக்கே எல்லோருக்கும் சொல்கிறேன், உன் பெயரை மட்டும் போடுகிறேன், என் பெயரே வேண்டாம், இதில் என் இரண்டு வருடம் இருக்கிறது என்று கெஞ்சினான்.

அவள் குனிந்து, இடுக்கியை அவன் முகத்துக்கு நேராக நீட்டி, அதில் தொங்கிய ஸ்டேஷன் மாஸ்டரை அவனுக்குக் காட்டினாள்.

“சரியா பார்த்துச் சொல்லுங்க. ஜாஸ்தியா, இல்லையா?”

அவன் பார்த்தான். அளவு சரியாகத்தான் இருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் இடுக்கியை விரித்துவிட்டாள்.