நீலக் கேன்

இன்னாசியம்மாளின் கணவர் அருளப்பன் எட்டு மாதங்களாக நடுக்கடலில் ஒரு நீலக் கேனைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார். படகு கவிழ்ந்த அன்று கைக்கு அகப்பட்டது அதுதான். ஊர்க்காரர்கள் தினமும் அவரைக் கடந்துதான் தொழிலுக்குப் போகிறார்கள். நின்று பீடி கொடுக்கிறார்கள். ஏற்றி வரத்தான் வழியில்லை. கடலுக்குப் போக மீன்துறை தரும் அன்றைய டோக்கனில் பெயர் உள்ளவர்களை மட்டுமே படகில் ஏற்றலாம். அவர் பெயர் எட்டு மாதத்துக்கு முந்தைய டோக்கனில் இருக்கிறது.

கேன்தான் கவலை. வெயிலிலும் உப்பிலும் அது உதிர்ந்து, கடுகளவு நீலத் துகள்களாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

இன்னாசியம்மாளுக்கு வேலையே கரையோரத்து மேல்தண்ணீரைச் சல்லடையில் அரித்து, அதிலுள்ள பிளாஸ்டிக் துகள்களை ஆய்வாளர் மதுமதியிடம் கொடுப்பது. முதல் இரண்டு மாதம் விவரம் தெரியாமல் நீலத்தையும் பொறுக்கிக் கொடுத்துவிட்டாள். அதற்குள் அருளப்பனுக்கு இடுப்பளவு இருந்த தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. சூசை சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. கட்டினவரைத் தன் கையாலேயே முக்கிவிட்டோமே என்று அழுதாள்.

அன்றிலிருந்து நீலத்தை மட்டும் முந்தானையில் முடிந்து, கடலுக்குப் போகும் கொழுந்தன் சூசையிடமே கொடுத்தனுப்பினாள். அருளப்பன் எச்சில் தொட்டு அவற்றைக் கேனில் ஒட்டிக்கொள்வார்.

"நீலமே காணோம். கடல் சுத்தமாயிட்டு வருதும்மா," என்று மதுமதி பூரித்தாள். இன்னாசியம்மாள் முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

ஒரு காலை சல்லடையில் நிஜமாகவே நீலம் இல்லை. இன்னொரு முறை அரித்துப் பார்த்தாள். படகிலிருந்து இறங்கிய சூசை தலையைச் சொறிந்தான்.

"மதினி, கேன் முடிஞ்சுபோச்சு."

"ஒங்க அண்ணன்?"

"அவுகளும் உதிர ஆரம்பிச்சுட்டாக."

அவள் பதறியடித்துக்கொண்டு மறுபடியும் அரித்தாள். சல்லடையின் ஓரத்தில் மாநிறமாக ஒரு துகள் ஒட்டியிருந்தது. மதுமதி இடுக்கியை நீட்டினாள்.

"கொழம்பு வச்சிட்டியா?" என்றது துகள். கரையில் கால் வைத்ததும் அவர் எப்போதும் கேட்பது அதைத்தான்.

இடுக்கி தொடும் முன் இன்னாசியம்மாள் அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். "மீதி ஆளும் வரட்டும், வைக்கிறேன்."

"காத்து மாறிருச்சு. என் வலது கை பக்கத்தூருலதான் ஒதுங்கும்," என்றது துகள்.

சூசை வீட்டுக்கு ஓடி, மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துக்கொண்டு தெற்கே விரைந்தான். மதுமதி நோட்டில் நீலத்துக்கு நேரே பூஜ்யம் போட்டு, அதன்கீழ் 'கணவர்: ஒன்று, கரை சேர்கிறார்' என்று எழுதிக்கொண்டாள். இன்னாசியம்மாள் அடுத்த அலைக்குச் சல்லடையைத் தாழ்த்தினாள்.