எட்டரை பிடித்த கயிறு

பல் டாக்டரின் வீட்டை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரத்தை மூன்று பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதன் வேர், கீழ்த்தளத்தில் இருந்த கிளினிக்கின் தரையையே தூக்கிவிட்டது. பல் பிடுங்கும் நாற்காலி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றது. "வாயைத் திறங்கன்னா எனக்கு அவங்க காதுதான் தெரியுது" என்று புலம்பித் தீர்த்த டாக்டரம்மா, கடைசியில் மரம் வெட்டும் மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார்.

மேஸ்திரிக்கு வயது ஐம்பத்தெட்டு. மரம் ஏறுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாயிலும்தான். கீழே நின்று கயிறு பிடிப்பவன் அவருடைய மருமகன். பெண்ணைக் கொடுத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவனை 'மாப்ள' என்று அவர் கூப்பிட்டதில்லை. முதலில் 'டேய்' என்றார். போன வருஷத்திலிருந்து 'எட்டரை'.

காரணம் அவனுடைய வலது கை. போன வருஷம் ஒரு வேலையில், கிளையைக் கட்டிய கயிற்றை அவன் அடிமரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேலே கிளை அறுந்துவிட்டது. சுண்டி இறுகிய கயிறு சுண்டுவிரலை முழுசாகவும் மோதிரவிரலில் பாதியையும் கொண்டுபோனது. "தொண்டை கிழியக் கத்தினேன், பய தூங்கிட்டு நின்னான்" என்று மேஸ்திரி ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அதன்பிறகு அவனை நம்பி யாரும் தனியாக வேலை கொடுக்கவில்லை.

அன்று காலையிலும் அவர் விடவில்லை. "டாக்டரம்மா, இவன்கிட்ட பத்துன்னு சொன்னா எட்டரைதான் வரும். பாத்துக்கோங்க" என்றார். கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேர், வலியோடு வலியாகச் சிரித்தார்கள். மருமகன் குனிந்த தலை நிமிராமல் கயிற்றுச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி ஏறினார். தொடையையும் சுற்றி வரும் இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு, உச்சியில் ஒரு கவட்டையின் மேல் ஏறி, மறுபக்கம் கீழே மருமகன் கைக்கு இறங்கியது. ஒவ்வொரு கிளையாக ஏறி, கடந்து வந்ததை ரம்பத்தால் அறுத்துத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவது அவர் வழக்கம். மதியம் நெருங்கியபோது அவருக்குக் கீழே இரண்டு மாடி உயரத்துக்கு மொட்டை மரம்தான். காலை ஊன்ற ஒரு கணுகூட இல்லாமல் கயிற்றில்தான் தொங்கினார்.

"எட்டரை! இறக்குடா, தண்ணி குடிக்கணும்."

கயிறு அசையவில்லை. மருமகன் அதை அடிமரத்தில் நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். பிறகு மேலே பார்த்தான்.

"மாமா, அன்னைக்குக் கத்துனீங்களா?"

"என்னடா?"

"கிளையை அறுக்கறதுக்கு முன்னாடி குரல் குடுத்தீங்களான்னு கேக்கறேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. இறக்கிடறேன்."

மேஸ்திரி அவனுடைய அப்பன், பாட்டன் என்று ஒருத்தரையும் விடாமல் இழுத்துத் திட்டினார். தெருவில் ஆள் சேர்ந்தது. பஞ்சு வைத்த வாய்களும் வெளியே வந்து நின்றன. பட்டை தொடையை அறுத்தது. கால்கள் முதலில் எரிந்தன, பிறகு மரத்துப்போயின. மறுபக்கம் இறங்கிய கயிற்றை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். உடம்பு ஒரு சுற்று சுழன்று, முகம் மரப்பட்டையில் உரசியது.

டாக்டரம்மா வெளியே வந்து விஷயம் கேட்டார். "உங்க குடும்பச் சண்டையில நான் தலையிடல. ஆனா கூரைமேல இருக்கற அந்தக் கிளை இன்னைக்கு வந்துடணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாப்பாட்டுப் பையோடு மகள் வந்தபோது மேஸ்திரிக்கு உயிர் வந்தது.

"அம்மா, உன் புருஷனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. அவிழ்க்கச் சொல்லும்மா!"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் இரண்டே வார்த்தையில் சொன்னான். அவள் மேலே நிமிர்ந்தாள்.

"கத்துனியாப்பா?"

"உன்மேல சத்தியமா கத்துனேன்."

அவள் பையைக் கீழே வைத்தாள். விழுந்து கிடந்த கிளையின்மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். மூன்று பேருக்கு எடுத்துவந்த சாப்பாடு. அவனுடைய விரல் போன கையில் கரண்டி நழுவியபோதெல்லாம் அவள் எடுத்துக்கொடுத்தாள். மேலேயிருந்து மேஸ்திரி அத்தனையையும் பார்த்தார்.

"மாப்ள," என்றார் கடைசியில். முதல் தடவை.

அவன் கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, நான் கத்தல."

மருமகன் முடிச்சில் கை வைத்தான். அதோடு முடிந்திருக்கும். மகள்தான் கேட்டாள்.

"ஏன்?"

அவசரம், மறந்துட்டேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். தாகமோ, தலைகீழாய்ச் சுற்றிய உலகமோ, வாய் தானாகத் திறந்துகொண்டது. "அதுக்கு முந்தின நாள்தான் தனியாத் தொழில் பண்ணப் போறேன்னு சொன்னான். அவன் போயிட்டா எனக்கு யாரு கயிறு பிடிப்பா? அவன் கை கயித்துக்குள்ள இருந்ததைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் அறுத்தேன்."

மருமகனுடைய கை முடிச்சிலேயே நின்றது. அவிழ்த்துக் கையை எடுத்துவிட்டால் போதும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. மேஸ்திரிக்கும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் இறக்கினான். ஒரு குலுக்கல் இல்லாமல், பச்சைப்பிள்ளையை இறக்குவதுபோல இறக்கினான். தரை தொட்டதும் மேஸ்திரிக்கு நிற்க முடியவில்லை. மரத்தூளின்மேல் சரிந்தார். மகள் குனிந்து அவருடைய இடுப்புப் பட்டையைக் கழற்றினாள். அணைத்துத் தூக்குவாள் என்று நினைத்துக் கையை நீட்டினார். அவள் பட்டையைக் கொண்டுபோய்ப் புருஷனிடம் கொடுத்தாள்.

"நீங்க ஏறுங்க. கயித்தை நான் பிடிக்கறேன்."

கூரைமேல் இருந்த கிளை சாயங்காலத்துக்குள் இறங்கியது. அடிமரத்துக்கு இன்னும் இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் மேஸ்திரி தழை கழித்து வண்டியில் ஏற்றினார். "ஓரமா நில்லுப்பா" என்பதைத் தவிர மகள் அவரிடம் வேறு பேசவில்லை.

அடுத்த வாரம் வேறொரு வீட்டில் வேலை. காலையில் அவரை யாரும் எழுப்பவில்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். முன்சீட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"நானும் வரேன்மா. தழையாவது கழிக்கறேன்."

"அதுக்கு ஆள் வச்சாச்சு" என்றாள் அவள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டே.