செவ்வாய்க்கிழமை வந்த செய்தி

இலங்கையின் நிலாவெளிக் கடற்கரையில் கழித்த கடைசி இரண்டு நாள்களும் ஜெபக்குமார் தன் மனைவி பெர்லினிடம் வழக்கத்துக்கு மாறான பரிவோடு நடந்துகொண்டான். காலையில் அவள் கேட்காமலேயே தேநீர் வாங்கிவந்து கொடுத்தான். புறாத்தீவுக்குப் போகும் படகில் வெயில் படாத இடமாகப் பார்த்து அவளை உட்காரவைத்தான். பதினாறு ஆண்டு இல்வாழ்க்கையில் இப்படியொரு மனிதனைப் பெர்லின் கண்டதில்லை.

"என்னங்க, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா? இவ்வளவு நல்லவரா மாறிட்டீங்க!" என்று கேலி செய்தாள்.

"கடல் தாண்டி வந்தும் ஒனக்கு நையாண்டிதானா? சும்மா உக்காரு" என்றான் அவன்.

ஜெபக்குமார் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நான்கு அறைகள் கொண்ட சிறு விடுதி நடத்துகிறவன். ஊரெல்லாம் வந்து இளைப்பாறும் இடத்தில், வந்தவர்களுக்கு வெந்நீர் சுமந்தே இருபது ஆண்டுகளைக் கழித்தவன். ஒரு முறையேனும் தானும் விருந்தினனாக எங்காவது போய்த் தங்கி, மணியடித்துக் காப்பி கேட்கவேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. இரண்டு முறை கோவாவுக்கு ஏற்பாடு செய்தான். இரண்டு முறையும் மாமனார் மனுவேலுக்கு மூச்சிரைப்பு முற்றி, இனிப் பிழைக்கமாட்டார் என்ற பேச்சு எழுந்தது. பயணம் நின்றது. அவரோ பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து ஆட்டுக்கால் சாறு கேட்டார். மூன்றாம் முறையாகப் பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையில், எப்படியோ இலங்கைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமையன்று சின்னவன் ரோஷன் அம்மாவின் கைப்பேசியைக் கடல்நீரில் போட்டுவிட்டான். அன்றுமுதல் ஊரோடு பேசுவதற்கு ஜெபக்குமாருடைய கைப்பேசி ஒன்றே வழியாயிற்று. செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் பெர்லின், "அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிடட்டுமா?" என்று கேட்டாள். "இப்பதான் மச்சான்கிட்டப் பேசுனேன். நல்லா இருக்காராம், தூங்குறாராம்" என்று விடை வந்தது. அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் இல்லை.

வியாழக்கிழமை முழுவதும் வேனில் வந்து கொழும்பில் தங்கினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் விமானம். ஏறி அமர்ந்து பிள்ளைகள் சன்னலுக்குச் சண்டையிட்டு முடிப்பதற்குள் மதுரை வந்துவிட்டது.

"நம்ம ஊர்லருந்து மதுரைக்கு வர்றதவிட இது கிட்டக்க இருக்குங்க!" என்று பெர்லின் வியந்தாள்.

விமான நிலைய வாசலில் வேலுமணி காத்திருந்தான். நாயுடுபுரத்து வாடகைக் கார் ஓட்டுநர், வாய் ஓயாதவன். அன்று வாயே திறக்காமல் பெட்டிகளை வாங்கி வண்டியில் அடுக்கினான். அடுக்கி முடித்தபின் பெர்லினிடம் வந்து நின்றான்.

"மனச விட்டுராதீங்க அக்கா. மூணு மணிக்குத்தான் எடுக்குறாங்க. வெரசாப் போனா மொகத்தப் பாத்துறலாம்."

"யார் மொகத்த?"

வேலுமணி திகைத்து ஜெபக்குமாரைப் பார்த்தான். "அண்ணே, நீங்க சொல்லலையா?"

ஜெபக்குமார் பெட்டி தள்ளிவந்த வண்டியை உரிய வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதில் மிகுந்த கவனம் செலுத்திக்கொண்டிருந்தான். "கார்ல ஏறுனதும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றான். பிறகு, வியாழக்கிழமை விடியற்காலையில் மனுவேல் இறந்துபோனதை நான்கு சொற்களில் சொன்னான்.

"தாத்தாவா?" என்று ரோஷன் அலறினான். பதினான்கு வயது மகள் பெனிட்டா வண்டியில் ஏறி ஓரத்து இருக்கையில் தலையைக் குனிந்து அமர்ந்துகொண்டாள்.

வாடிப்பட்டி தாண்டும்வரை பெர்லின் வாய்விட்டு அழுதாள். ஆறுதல் சொல்வதாக எண்ணி வேலுமணிதான் பேச்செடுத்தான்.

"செவ்வாக்கெழம காலையிலயே மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு அக்கா. ஒங்கண்ணன் மரியசெல்வம் ஒங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே வண்டிய எடுக்கச் சொன்னாரு. ரெண்டு நாளும் நான் அங்கனயேதான் கெடந்தேன்."

அழுகை நின்றது. "செவ்வாக்கெழமையா?"

"ரெண்டு தடவ இப்பிடித்தான பயங்காட்டுனாங்க" என்றான் ஜெபக்குமார், முன்னிருக்கையிலிருந்து திரும்பாமல். "இதுவும் அப்பிடித்தான்னு நெனச்சேன். பிள்ளைக எவ்வளவு சந்தோசமா இருந்துச்சுக."

"நேத்து வெள்ளனே செத்தாரே. அப்பவாச்சும் சொன்னீங்களா?"

"சொன்னா பறந்தா போயிருப்ப? எப்பிடியும் இதே பிளைட்லதான வரணும்."

வியாழக்கிழமையைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரிதான். ஆனால் செவ்வாய்க்கிழமையே புறப்பட்டிருந்தால் புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் அவள் அப்பாவின் கட்டிலருகே இருந்திருப்பாள். அதை அவன் சொல்லவில்லை.

வத்தலக்குண்டில் பெர்லின் வேலுமணியின் கைப்பேசியை வாங்கி அண்ணனை அழைத்தாள்.

"அண்ணே, நான் பெர்லின். வந்துக்கிட்டே இருக்கோம். நான் வர்ற வரைக்கும் பெட்டிய மூடிராதீங்கண்ணே."

"வெள்ளிக்கெழமதான் வருவேன்னு நீ சொன்னதுக்காகத்தான ஐஸ் பெட்டியில வச்சுக் காத்துக் கெடக்கோம்" என்றான் மரியசெல்வம். "சாமியாருக்குச் சாயங்காலம் பூம்பாறையில பூசை இருக்கு. மூணு மணிக்கு மேல அவர நிப்பாட்ட முடியாது."

"நான் சொன்னேனா?"

"மாப்பிள்ளதான சொன்னாரு. 'பெர்லின்கிட்டச் சொல்லிட்டேன் மச்சான், டூர முடிச்சிட்டு வெள்ளிக்கெழம வர்றேங்குறா'ன்னு. அப்பா ஒன்னத் தேடுனாரு. நீ சொன்னத அப்பிடியே அவருகிட்டச் சொன்னோம். 'சரி, பிள்ளைக கடலப் பாக்கட்டும்'னாரு. அதுக்கப்புறம் ஒன் பேர எடுக்கவே இல்ல."

அவள் பதில் சொல்வதற்குள் அவன் வைத்துவிட்டான்.

"நான் வரமாட்டேன்னு எப்பங்க சொன்னேன்?"

ஜெபக்குமார், "நான்தான் தடுத்தேன்னு சொன்னா மச்சான் என்னைய மனுசனா மதிப்பாரா? வாயில வந்ததச் சொல்லிட்டேன்" என்றான்.

"ஒங்க வாயில வந்தத என் வாயில வச்சீங்க. நல்லாருக்கு."

காமக்காபட்டிச் சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டு பார்க்க நின்ற வண்டிகளின் வரிசை அரை மணி நேரத்தைத் தின்றது. வெள்ளி அருவிக்குக் கீழே போக்குவரத்து அடியோடு நின்றுபோயிற்று. விடுமுறைக்கு வந்த கூட்டம் நடுச்சாலையில் நின்று சோளக்கதிர் கடித்தது. அருவியைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தது. அவர்களில் பாதிப்பேருக்கு நாயுடுபுரத்தில் வெந்நீர் காய்ந்துகொண்டிருக்கும்.

மணி இரண்டரை ஆனபோது பெர்லின் கதவைத் திறந்து இறங்கி நடந்தாள். "ஏ பெர்லின், எட்டுக் கிலோமீட்டர்டி!" என்ற கணவனின் குரலை அவள் பொருட்படுத்தவில்லை. சிறிது தூரம் சென்றபின், பின்னால் யாரோ ஓடிவரும் ஓசை கேட்டது. பெனிட்டா.

"அம்மா, அன்னைக்கு அப்பா மாமாகிட்டப் பேசுறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள் மூச்சு வாங்கியபடி. "ஒன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

பெர்லின் நின்றாள். நான்கு நாள் இந்தப் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடாததையும், கடலுக்குள் இறங்க மறுத்ததையும், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றல்லவா எண்ணியிருந்தாள்! திட்டுவதற்கு வாயெடுத்தவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மூன்று வளைவுகள் ஏறியபின் நெரிசல் கலைந்து வண்டி அவர்களை எட்டிப்பிடித்தது.

கல்லறைத் தோட்டத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி மூன்றே முக்கால். சாமியார் போய்விட்டிருந்தார். குழி மூடி, மண் மேடாகி, அதன்மேல் மாலைகளும் வைத்தாயிற்று. இறப்பு வீட்டுக்கு மகள் வந்தால் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுவது வழக்கம். அன்று ஒருத்தியும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"வா. கடல் நல்லா இருந்துச்சா?" என்றான் மரியசெல்வம்.

"எனக்கு எதுவுமே தெரியாதுண்ணே. காலையில மதுரையில வேலுமணி சொல்லித்தான் தெரியும். இவரு எங்கிட்டச் சொல்லவே இல்ல."

எல்லார் பார்வையும் ஜெபக்குமார்மீது திரும்பியது. ஒரு சொல் போதும். பெர்லின் அந்த ஒரு சொல்லுக்காக அவன் முகத்தையே பார்த்து நின்றாள்.

"துக்கத்துல என்ன பேசுறோம்னு தெரியாமப் பேசுறா மச்சான்" என்றான் ஜெபக்குமார். "விடுங்க."

"வேலுமணி இங்கதான இருக்கான், கேளுங்க!"

"ஒங்களுக்குள்ள நடந்தது எனக்கு எப்பிடி அக்கா தெரியும்?" என்று, காரில் எல்லாவற்றையும் கேட்டிருந்தும் வேலுமணி பின்வாங்கினான். "அண்ணன் சொல்லலைன்னு நீங்க சொன்னத நான் கேட்டேன், அம்புட்டுத்தான்."

கூட்டத்தில் ஒருத்தி, "புருசன் தலையில போடுறா பாரு" என்றாள், காதில் விழும்படியாகவே.

"அப்ப யாரு சொல்றதுதான் நெசம்?" என்று கேட்டான் மரியசெல்வம்.

பெனிட்டா அப்பாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், சொல்வதற்காக ஓரடி முன்னே எடுத்துவைத்தாள். இத்தனை பேர் நடுவில், பெற்ற தகப்பனைப் பொய்யன் என்று சொன்ன வாயோடு இந்தப் பெண் இனி அந்த வீட்டில் எப்படி வளர்வாள்? பெர்லினுக்கு எண்ணிப்பார்க்க நேரம் இல்லை. மகளின் தோளை இறுகப் பற்றினாள்.

"தம்பியக் கூட்டிக்கிட்டுப் போய் வண்டியில உக்காரு."

"அம்மா, நான்..."

"போடி."

பிள்ளை தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனாள். ஜெபக்குமார் நீண்ட மூச்சு ஒன்றை விட்டான். அவ்வளவு பக்கத்தில் நின்றதால் அது பெர்லினுக்கு மட்டுமே கேட்டது.

அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

"மண்ணெல்லாம் போட்டாச்சு" என்றான் மரியசெல்வம்.