சோல்மி ஆலயத்து முகட்டுக்கட்டை

தீவில் மெதடிஸ்ட் சபை முதலில் தொடங்கியது சோல்மி ஊரிலா, மலைக்கு அந்தப்புறம் இருக்கும் கால்தே ஊரிலா என்று இரண்டு ஊருக்கும் எழுபது வருஷமாக இழுபறி. பதிவேடுகளெல்லாம் போரில் எரிந்துபோயின. ஆதாரம் எவரிடமும் இல்லை.

அந்த வசந்தத்தில் சோல்மி ஆலயக் கூரை ஒழுகியது. தச்சர் பியோ மச்சுப் பலகைகளைப் பெயர்த்தபோது, முகட்டுக்கட்டையில் ஏதோ எழுதியிருப்பதாகக் கத்தினார். சேதி தீயாய்ப் பரவியது. கால்தே சபை மூப்பர் மேங் எழுபது தாண்டியவர். அவரும் மலையேறி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

எழுத்து, அந்தக் காலத்தில் படித்த ஆண்கள் மட்டுமே கற்ற சீன எழுத்து. இளம் போதகருக்கும் தெரியாது, மேங்குக்கும் தெரியாது. கூட்டத்திலேயே அதைப் படிக்கத் தெரிந்தவள் சோல்மி சபையின் போபே ஒருத்திதான். அவளுடைய அப்பா பையன்களுக்குப் பாடம் நடத்தும்போது கதவுக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டது.

"படிம்மா. யாரு மூத்தவங்கன்னு இன்னிக்கே தெரிஞ்சிடட்டும்" என்றார் மேங்.

போபே ஏணியேறிச் சாரத்தில் நின்று, கரியைச் சட்டைக்கையால் துடைத்தாள். முதல் வரியே கால்தே சபையைத்தான் மூத்ததாகக் காட்டியது. தான் என்ன சொன்னாலும் கீழே நம்பிவிடுவார்கள் என்பதும் அந்த நொடியில் தோன்றியது. அடுத்த வரியைப் பார்த்ததும் அந்த நினைப்பு போன இடம் தெரியவில்லை.

"நம்ம ஆலயத்துக்கு இந்தக் கட்டைய குடுத்ததே கால்தே சபைப் பொம்பளைங்கதான். மலை வழியா முடியாதுன்னு, கடல் வத்தின நேரம் பார்த்து, கரையோரச் சேத்துல பதினோரு பேர் தோள்ல தூக்கிட்டு வந்திருக்காங்க. பதினோரு பேர் பேரும் இருக்கு!"

அந்தக் காலத்துப் பெண்களை ஊரார் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இன்னார் மனைவி, இன்னார் தாய், அவ்வளவுதான். இங்கேயோ ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர்கள் வரிசையாக நின்றன. போபே ஒவ்வொன்றாக உரக்க வாசித்தாள். ஐந்தாவது, "கிணத்தடி வீட்டு மார்த்தா."

மேங் தொப்பியைக் கழற்றினார். "அது எங்கம்மா. சாகற வரைக்கும் இதப்பத்தி மூச்சு விட்டதில்லையே."

யார் தடுத்தும் கேட்காமல் அவர் ஏணியேறினார். கீழே நான்கு பேர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, தச்சர் கையைக் கொடுத்து மேலே இழுத்தார். போபே அவருடைய விரலைப் பிடித்து அந்தப் பெயரின் மேல் வைத்து, எழுத்தெழுத்தாய் நகர்த்தினாள்.

மதியத்துக்குள் கால்தே ஊரே மலை தாண்டி வந்துவிட்டது. தங்கள் பாட்டிமார் பெயரைத் தொட்டுப் பார்க்கப் பெண்கள் ஏணியடியில் வரிசை கட்டி நின்றார்கள்.