பொருள் தாளில் ஒரு வரி

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'அகராதி'. பாதி மரியாதைக்கு, பாதி நக்கலுக்கு. யார் எதைச் சொன்னாலும் "அது அப்படி இல்ல" என்றுதான் வாயைத் திறப்பார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சோப்பு, பிஸ்கட், பவுடர் என்று விற்கிற சாமான்களுக்குப் பெயர் யோசித்துக் கொடுக்கிற கம்பெனி அது. பெயரை யார் வேண்டுமானாலும் யோசிக்கலாம். ஆனால் அகராதி 'பொருள் தாள்' எழுதிக் கையெழுத்துப் போடாமல் எதுவும் வாசலைத் தாண்டாது. நாற்பது மொழிகளில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று வரிசையாக எழுத வேண்டும். ஒரே ஒரு மொழியில் அசிங்கமாகவோ அமங்கலமாகவோ வந்தால் போச்சு, பெயர் குப்பைக்கூடைக்கு. இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ பேருடைய ஆசையில் மண்ணை வாரிப் போட்ட கை அது.

தன் கொழுந்தியாள் மகளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். சின்னவள் என்று வீட்டில் கூப்பிடுவார்கள். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மேனேஜர் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். வீட்டுக்குப் போனால் மனைவியும் அதே பாட்டு. "என் தங்கச்சி பொண்ணு என்னமா யோசிக்குறா பாருங்க!" அகராதிக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

குழந்தை சோப்பு ஒன்றுக்குச் சின்னவள் கொண்டுவந்த பெயர் 'மா'. ஒரே எழுத்து. மேனேஜர் துள்ளிக் குதித்தார். அன்றைக்கே போனில் யாரிடமோ அவர் சொன்னது தடுப்புக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. "இந்தப் பேரு மட்டும் ஓகே ஆச்சுன்னா பொண்ணு வேலை பெர்மனன்ட். அகராதி மேசையையும் அவகிட்டயே குடுத்துடலாம். அவருக்கும் வயசாச்சுல்ல."

தாளை எழுத உட்கார்ந்தவருக்கு எழுத்து எழுத்தாக எரிந்தது. ஆனாலும் தொழில் சுத்தமாக முப்பத்தொன்பது வரிகளை எழுதி முடித்தார். தமிழில் மாமரம், மாவு, விலங்கு, பெரிய என்று ஒரே சொல்லுக்கு அத்தனை பொருள். இந்தியில் அம்மா. சமஸ்கிருதத்தில் 'வேண்டாம்' என்று தடுப்பதற்கும் அதே சொல். இத்தாலியனில் 'ஆனால்'. ஜப்பானியத்தில் இடைவெளி. சீனத்தில் குரலை ஏற்றி இறக்கினால் அம்மா, குதிரை, சணல், திட்டு. இவற்றில் பாதிக்கு மேல் ஒன்றுக்கொன்று பங்காளியும் இல்லை, சம்பந்தியும் இல்லை. ஒரே ரயில் பெட்டியில் தற்செயலாக ஏறி உட்கார்ந்தவை.

"திட்டுன்னு வருதே?" என்று கேட்டுப் பார்த்தார்.

"பிள்ளையத் திட்டாத அம்மா உண்டா பெரியப்பா?" என்று சிரித்தாள் சின்னவள். மேனேஜரும் சேர்ந்து சிரித்தார்.

நாற்பதாவது வரி ஒரு மலை மொழிக்கு. அதற்குப் புத்தகமே கிடையாது. இத்தனை வருஷமும் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இந்தத் தடவை கோடு போடவில்லை. பேனாவை அழுத்திப் பிடித்து 'பிணம்' என்று எழுதினார். அட பாவி மனுஷா! தூக்கி வளர்த்த பிள்ளை ஐயா அது.

எழுதிய கையோடு கழிப்பறை வராந்தாவுக்குப் போனார். அங்கே தரை துடைக்கிற பெண்ணுக்கு அதுதான் தாய்மொழி. அந்தக் கட்டடத்தில் அதைப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"நாளைக்கு மீட்டிங்ல கூப்பிடுவாங்க. மா-ன்னா என்னன்னு கேட்டா, பொணம்னு சொல்லணும்."

அவள் பதறிப்போனாள். "ஐயோ சார், எங்க பாஷையில கடைக்குட்டிப் பிள்ளைய அப்படித்தான் கூப்பிடுவோம். என் சின்னப் பொண்ணையே அப்படித்தான் கூப்பிடறேன். அந்த வாயால எப்படி சார்?"

"உன் வருகை அட்டையில மாசாமாசம் கையெழுத்துப் போடுறது யாரு?"

"நீங்கதான் சார்."

"அப்ப சொல்லு."

அகராதி அவளை மூன்று தடவை சொல்லவைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் தாளைப் படித்த மேனேஜருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இது எந்த புக்ல இருக்கு?"

"புக்ல எங்க சார் இருக்கும்? பேசுறவங்களக் கேக்கணும். நம்ம தரை துடைக்கிற அம்மாவையே கூப்பிட்டுக் கேளுங்க."

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவள் வந்தாள். மேனேஜர் கேட்டார். அவள் சின்னவளைப் பார்த்தாள், பிறகு அகராதியைப் பார்த்தாள்.

"பொணம் சார்."

அவ்வளவுதான். "குழந்தை சோப்புக்குப் பொணம்னு பேர் வைக்கப் பாத்தியேம்மா!" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சின்னவளை வெளுத்து வாங்கினார். மதியத்துக்குள் "பொணம் சாப்பிட்டாச்சா?" என்று அவளைப் பார்த்து ஒருவன் கேட்க, நான்கு பேர் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். சாயங்காலம் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று கையில் கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

பையை மாட்டிக்கொண்டு அவள் நேராகப் பெரியப்பாவின் மேசைக்குத்தான் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"நல்லவேளை நீங்க பாத்தீங்க பெரியப்பா. இல்லேன்னா கம்பெனி மானமே போயிருக்கும். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"போகப் போகக் கத்துக்குவம்மா" என்று தோளில் தட்டிக்கொடுத்தார் அந்தப் புண்ணியவான். அன்றைக்கு வீட்டில் மனைவி அழுதுகொண்டே பரிமாறியதை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஐந்து வாரம் கழித்து மேனேஜர் அவரை அறைக்குள் கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது.

"சார், அன்னைக்கு நீங்க என் கண்ணைத் தொறந்துட்டீங்க. பேசுறவங்களக் கேக்கணும்னு சொன்னீங்களே, அது நூத்துக்கு நூறு உண்மை. புக்கை நம்பிக்கிட்டு இத்தனை வருஷம் இருந்திருக்கோம். இனிமே ஒவ்வொரு மொழிக்கும் பேசுறவங்களையே வச்சுக் கேட்டுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். உங்களை எதுக்கு சிரமப்படுத்தணும்? இந்த மாசத்தோட ஓய்வெடுத்துக்குங்க."

அகராதி கணக்குப் போட்டுப் பார்த்தார். அது பொய், நான் இட்டுக்கட்டினது என்று சொன்னால் மேசை தங்கலாம். ஆனால் வீட்டில் எந்த மூஞ்சியோடு போய் நிற்பது? சொல் வாய்வரை வந்தது, அப்படியே விழுங்கிவிட்டார்.

"முதல் ஆளா அந்த அம்மாவையே போட்டிருக்கேன்" என்றார் மேனேஜர். "தினமும் ஒரு மணி நேரம் உங்க மேசையில உக்காரட்டும். என்னமா பட்டுன்னு சொன்னாங்க அன்னைக்கு!"

கடைசி நாள் அகராதி தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தரை துடைக்கிற பெண் வந்து, அவர் எடுக்க எடுக்க, காலியான இடத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"கூசாம பொய் சொன்னவதானே நீ. உனக்கு என் மேசை கேக்குதா?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ஆமா சார், சொன்னேன். அன்னையிலேர்ந்து என் சின்னப் பொண்ண அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரல. வாயத் தொறந்தா பொணம்னுதான் காதுல விழுது. 'ஏன் என்னைக் கூப்பிடவே மாட்டேங்கறே'ன்னு அது தினம் அழுது. எங்க பாஷையில கடைக்குட்டியக் கூப்பிட வேற பேரு கெடையாது சார்." துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். "உங்க புக்ல ஏதாச்சும் இருந்தா, பாத்து சொல்லிட்டுப் போங்க."

அகராதி பெட்டியை மூடினார். புத்தகங்களில் அந்த மொழி இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.