பார்க்காத கால்

"குதிகாலைத் தூக்கிப் பிடிடா. செத்தவளுக்கு என்ன, வலிக்கவா போகுது?" என்றாள் ஃபிர்மின் சித்தி.

சொஸ்தேன் கதவு நிலையை விட்டு நகரவில்லை. கட்டிலில் அம்மா ஃபுல்வி வெள்ளை உடுப்பில் கிடந்தாள். விடிந்ததும் மீன் கூடையைத் தலையில் ஏற்றியபோது விழுந்தவள் எழவே இல்லை. மாதா கோயிலுக்கு அவள் போட்டுப் போகும் கறுப்பு ஷூவை வைத்துக்கொண்டு சித்தி வெகுநேரமாகப் போராடிக்கொண்டிருந்தாள். வீங்கிய இடது கால் அதற்குள் நுழைவேனா என்றது.

"ஏன்டா அங்கேயே நிக்கிறே? உங்கம்மாதானே?"

"வர்றேன் சித்தி."

வரவில்லை. அந்தக் காலைப் பார்க்கத்தான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

போன சனிக்கிழமை கடைத்தெரு முக்கில் ஆட்டம். சொஸ்தேன்தான் முன்மேளம். அடிமேளக்காரர்கள் இரண்டு பேர் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, வட்டத்துக்குள் ஆடுகிறவளின் காலைப் பார்த்து முன்மேளம் பேச வேண்டும். அவள் கால் வைத்தால் இவன் கை விழ வேண்டும். அவள் தடுமாறினால் இவனும் தடுமாறி, அவளோடு நிமிர வேண்டும். குவாதலூப் தீவில் நடை பழகும் குழந்தைக்கும் இது தெரியும். அன்று பாரிசிலிருந்து நாலைந்து பேர் கேமராவோடு வந்திருந்தார்கள். ஏதோ விழாவுக்கு ஆள் தேடுகிறார்களாம். பூப்போட்ட பாவாடைப் பெண்கள் சுழன்று ஆட, இவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் ஃபுல்வி, செதில் ஒட்டிய ஏப்ரனோடு, இடது காலை இழுத்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்தாள். மகனைப் பார்த்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து, விழுந்தே விட்டாள் என்று நினைக்கும்போது நிமிர்ந்தாள். ஊரில் அந்தச் சாய்வு அவளுக்கு மட்டும்தான் வரும்.

சொஸ்தேன் கேமராவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தெரிந்த வித்தையையெல்லாம் மேளத்தில் கொட்டினான். அதில் ஒரு அடிகூட அவள் காலுக்கு இல்லை.

அவள் மறுபடி சாய்ந்தாள். அதற்கும் அவன் கை விழவில்லை. அதன்பின் அவள் சாயவில்லை. ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு, வழக்கப்படி மேளத்துக்குத் தலைகுனிந்துவிட்டு வெளியேறினாள். சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். கேமராக்காரர்கள் மட்டும் கைதட்டினார்கள்.

அன்றிரவு அவன் வீட்டுக்கு வந்தபோது, "சூப் சூடா இருக்கு, குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம். வாய் நிறையத் திட்டுகிற மனுஷிதான்.

இப்போது பொழுது சாய, முற்றத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஊர் வழக்கப்படி ரம்மும் காபியும் சுற்றி வந்தன. அடுத்த வீட்டு அனத்தோல் உரக்கக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அழுகின மீனை என் தலையில கட்டிட்டு, 'உன் மூக்குதான்யா அழுகிப்போச்சு'ன்னா பாரு! இந்நேரம் மேலே சொர்க்க வாசலுக்குப் போய், மீன் பிடிச்ச பேதுருவுக்கே மீன் வித்துக்கிட்டிருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தாளம் எழுந்தது. சாவு வீட்டில் தோல் மேளத்தைத் தொடுவதில்லை; தொண்டையாலேயே மேளம் கொட்டுவார்கள். இரண்டு பேர் அடித்தாளத்தைப் பிடித்ததும் அனத்தோல் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, வா. முன்மேளம் நீதான் சொல்லணும். உங்கம்மாவுக்கு வேற எவன் சொல்லுவான்?"

சொஸ்தேன் வாயைத் திறந்தான். தாளம் வரவில்லை.

"வேற யாரையாச்சும் சொல்லச் சொல்லுங்கண்ணே…"

அனத்தோல் அவனையே பார்த்தார். சனிக்கிழமை அடிமேளத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

"வேற யாரும் சொல்ல மாட்டாங்க. உன் இடத்தைக் காலியாவே விடறோம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தி ஷூவைத் தரையில் போட்டாள். "வெறுங்காலோடவே போகட்டும். ஆடறவளுக்கு ஷூ எதுக்கு?" மூக்கைச் சிந்திக்கொண்டு காபி ஊற்றப் போய்விட்டாள்.

சொஸ்தேன் மெல்லப் போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். குதிகால் வெடித்திருந்தது. கட்டைவிரல் நகத்தடியில் சித்தி கழுவியும் போகாத ஒரு செதில். வெளியே அடித்தாளம், முன்மேளத்துக்கு இடம் விட்டு, சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அவன் மேளம் அடிக்கப்போகிறவன்போல் வலது கையை முழங்காலுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, அந்த இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.